அந்தமான் டிரங்க் ரோடு: டிக்லிபூர் வரை குடும்பத்தோடு காரில் போகலாமா?

மழைக்காகிதம்

வணக்கம். வருகிற ஜனவரியில் அந்தமான் போகிறோம். நான், கணவர், 11 வயது மகள், 6 வயது மகன், கூடவே என் மாமியார். அத்தைக்கு 68 வயது. முழங்கால் வலி உண்டு, ஆனால் ஜன்னலோரம் இடம் கொடுத்துவிட்டால் நாள் முழுக்க அலுக்காமல் வேடிக்கை பார்ப்பார்.

ஹேவ்லாக், நீல் தீவுகள் எல்லாரும் போகிற இடம். அதையும் பார்ப்போம். ஆனால் எங்கள் ஆசை, அந்தமான் டிரங்க் ரோட்டில் வடக்கு முனையில் இருக்கும் டிக்லிபூர் வரை காரில் போய்வர வேண்டும் என்பது. டூர் போடுகிறவர்களிடம் கேட்டால், "அவ்வளவு தூரம் எதுக்கு மேடம், பாராடாங் ஒரே நாள்ல போயிட்டு வந்துடலாம், ஜாரவாவும் பார்த்துடலாம்" என்கிறார்கள். ஜாரவா என்பது வழியில் உள்ள காட்டில் வாழும் பழங்குடி மக்கள். அந்தக் கடைசி வார்த்தை எனக்கு உறுத்தலாக இருந்தது.

நாமே ஓட்ட வண்டி கிடைக்குமா? ஒரே நாளில் போய்ச் சேர முடியுமா? பெரியவரையும் சின்னப் பையனையும் வைத்துக்கொண்டு இது சரிப்படுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

நாலாம்கியர்

தூரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். போர்ட் பிளேயரிலிருந்து டிக்லிபூர் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நம் ஊர் நெடுஞ்சாலைக் கணக்கில் ஆறு மணி நேரம் என்று தோன்றும். அங்கே 10 முதல் 12 மணி நேரம் ஆகும். பேருக்கு தேசிய நெடுஞ்சாலை 4, பல இடங்களில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்க வேண்டும். அகலப்படுத்தும் வேலை நடக்கிற பகுதிகளில் மழை பெய்தால் சேறு, பெய்யாவிட்டால் புழுதி.

நீங்களே ஓட்டுவதை மறந்துவிடுங்கள். வாடகை வண்டி டிரைவரோடு எடுங்கள். செக்போஸ்ட்டில் ஃபாரம் கொடுப்பது, போலீஸ் காவலோடு வரிசையாகப் போகும் கான்வாயில் இடம் பிடிப்பது, படகில் வண்டியை ஏற்றுவது எல்லாம் அவர்களுக்குத் தினசரி வேலை.

சும்மாதான்

12 மணி நேரமா? அதற்குள் சென்னையிலிருந்து போய் இறங்கி, ஒரு தூக்கம் போட்டு, திரும்பியும் வந்துவிடலாம்.

பிளேர்காரன்

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். தாத்தா காலத்தில் வந்த குடும்பம். வழியைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்களே முடிவு செய்யுங்கள் அக்கா.

முதலில் ஒன்று. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேயரின் பெயரை ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள். டிக்கெட்டிலோ போர்டிலோ அப்படிப் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம்.

ஊரிலிருந்து 45 கிலோமீட்டர் போல வந்தால் ஜிர்காடாங் செக்போஸ்ட். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெயிட் வரை சுமார் 50 கிலோமீட்டர் ஜாரவா பழங்குடி காப்பகம். தனியாகப் போக முடியாது, போலீஸ் வண்டியோடு கான்வாயாகத்தான் விடுவார்கள். முதல் கான்வாய் விடியற்காலை ஆறு மணி வாக்கில், கடைசி மதியத்துக்குப் பிறகு. நேரம் அவ்வப்போது மாறும், முதல் நாள் மாலையே டிரைவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். 40 கிலோமீட்டருக்கு மேல் வேகம் கூடாது, முந்தக் கூடாது, எங்கேயும் நிறுத்தக் கூடாது, போட்டோ, வீடியோ அறவே கூடாது. மீறினால் வழக்கு, கைது வரை போகும்.

மிடில் ஸ்ட்ரெயிட்டில் வண்டியோடு படகில் ஏறி பாராடாங் தீவு. முன்பு அதற்கடுத்த ஹம்ப்ரி ஸ்ட்ரெயிட்டிலும் இன்னொரு படகு இருந்தது. இப்போது அங்கே ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் பாலம் வந்துவிட்டது, ஒன்றரை கிலோமீட்டர் நீளம். அதைத் தாண்டினால் மத்திய அந்தமான்: கதம்தலா, ரங்கத், மாயாபந்தர் பக்கம். பிறகு ஆஸ்டின் கால்வாய் மேல் செங்கப்பா பாலம், அதற்கப்பால் வடக்கு அந்தமான்.

ஒரே நாளில் போகிறவர்கள் அரசு பஸ்காரர்களும் நாங்களும்தான். விடியற்காலை நாலு மணிக்கே பஸ் கிளம்பிவிடும். காரணம், இங்கே கடிகாரம் இந்திய நேரம், சூரியன் எங்கள் நேரம். ஜனவரியில் மாலை ஐந்தே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஆறு மணிக்குக் காட்டு ரோட்டில் கும்மிருட்டு. குழந்தையோடு அந்த நேரத்தில் ரோட்டில் இருக்க வேண்டாம். ரங்கத்தில் ஒரு இரவு தங்குங்கள்.

மழைக்காகிதம்

ரொம்ப நன்றி தம்பி. மிடில் ஸ்ட்ரெயிட் வரை நிறுத்தவே மாட்டார்கள் என்றால் பாத்ரூம்?

தாழம்பூ

சரியான கேள்வி. ஆண்கள் யாரும் இதைச் சொல்லவே மாட்டார்கள். ஜிர்காடாங்கில் கழிப்பறை இருக்கிறது. வண்டி போய் நின்றதும் வரிசை சேருவதற்குள் அத்தையை அழைத்துப் போய் வந்துவிடுங்கள். அதற்கடுத்தது மிடில் ஸ்ட்ரெயிட் ஜெட்டிதான். நடுவே ஒன்றரை மணி நேரம் போல ஆகும். காலையில் காபியைக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

என் பையனுக்கும் அப்போது ஆறு வயதுதான். ஜிர்காடாங்கில் இருட்டிலேயே போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் வேன்களும் லாரிகளும் எஞ்சினை அணைத்துவிட்டு ஒரே வரிசையாக நின்றன. டிரைவர் எல்லாருடைய அடையாள அட்டை நகலையும் ஃபாரத்தோடு சேர்த்துக்கொண்டு ஓடினார். ஒரு போலீஸ்காரர் வண்டி வண்டியாக வந்து கேமராவைப் பைக்குள் வைக்கச் சொன்னார், என் பெண்ணின் மடியில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பார்த்து "வெளியே எதுவும் போடக் கூடாதும்மா" என்று தமிழிலேயே சொன்னார். கேட் திறந்ததும் எல்லா வண்டியும் ஒன்றாக ஸ்டார்ட் ஆன சத்தத்தில் பையன் விழித்துக்கொண்டான், பத்தே நிமிஷத்தில் மறுபடி தூங்கிவிட்டான்.

காடு என்றால் காடு. கர்ஜன் மரங்கள் வெளிறிய தூண் மாதிரி நேராக மேலே போகின்றன, சிலவற்றின் அடியில் பலகை போல விரிந்த வேர் என் பெண்ணின் உயரத்துக்கு மேல் இருக்கும். வளைவுகள் அதிகம். வாந்தி வரும் பிள்ளைகள் என்றால் கிளம்பும் முன்பே மாத்திரை கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் "கொஞ்சம் நிறுத்துங்கண்ணே" என்று கேட்க முடியாது.

நெய்தல்நிலம்

எல்லாரும் எப்படிப் போவது என்றே பேசுகிறீர்கள். போகலாமா என்பதுதான் என் கேள்வி.

அந்தச் சாலை எழுபதுகளில் ஜாரவாக்களின் காட்டை அறுத்துக்கொண்டு போடப்பட்டது. அவர்கள் எதிர்த்தார்கள், அம்பு விட்டார்கள். 1997க்குப் பிறகுதான் அவர்களில் சிலர் வெளியே வந்து பழக ஆரம்பித்தார்கள். 1999லும் 2006லும் அவர்களிடையே தட்டம்மை பரவியது. சில நூறு பேரே உள்ள ஒரு சமூகத்துக்கு இது என்ன ஆபத்து என்று யோசியுங்கள். நமக்குச் சாதாரணமான சளி, இருமலுக்குக்கூட அவர்கள் உடம்பு பழகியதில்லை.

காப்பகத்துக்குள் செல்லும் பகுதியை மூடச் சொல்லி 2002லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மூடவில்லை. 2012ல் ஜாரவாப் பெண்களை உணவுக்காக ஆட வைத்த வீடியோ வெளியாகி உலகமே பேசியது. 2013 தொடக்கத்தில் சுற்றுலாப் பயணிகளுக்குச் சில வாரங்கள் தடை இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது. இன்றைக்கும் உங்களிடம் ஒரு டூர்காரர் "ஜாரவாவும் பார்த்துடலாம்" என்று சொல்கிறார். மனிதர்களைப் பார்க்க டிக்கெட் விற்கிறார்கள் அக்கா, வேறென்ன?

பிளேர்காரன்

நீங்கள் சொன்னது எதையும் நான் மறுக்கவில்லை சார். ஆனால் "மூடு" என்பது எளிது. வடக்கு மற்றும் மத்திய அந்தமான் மாவட்டத்தில் ஒரு லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதியாக வந்து குடியேற்றப்பட்ட வங்காளிகள், ராஞ்சிப் பக்கம் இருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், நம் தமிழர்கள், தெலுங்கர்கள், மாயாபந்தர் பக்கம் 1925ல் பர்மாவிலிருந்து வந்த கரேன்கள். பெரிய ஆபரேஷன் என்றால் போர்ட் பிளேயர் ஆஸ்பத்திரிக்குத்தான் வர வேண்டும். கடல் கொந்தளிக்கிற மாதங்களில் கப்பல் ஓடாது. என் சித்தி ரங்கத்தில்தான் இருக்கிறார். அவருக்கு நெஞ்சுவலி வந்தால் எந்த வழியாகக் கொண்டுவருவது, சொல்லுங்கள்?

நெய்தல்நிலம்

உங்கள் சித்தி வரட்டும். ஆம்புலன்ஸ் போகட்டும், அரிசி லாரி போகட்டும். நான் பேசுவது டூரிஸ்ட் வேனைப் பற்றி. அதில் போகிறவருக்கு அந்தச் சாலை அவசியமா?

பிளேர்காரன்

அதில் நான் உங்கள் பக்கம்தான். காலை முதல் கான்வாயில் நிற்கிற வேன்களில் பெரும்பாலும் பாராடாங் போய் மத்தியானமே திரும்புகிறவர்கள். மண் எரிமலை என்று ஒன்றைப் படி ஏறிப் போய்ப் பார்ப்பார்கள். சேறு 'பொளக்' என்று ஒரு குமிழி விடும், அவ்வளவுதான். சுண்ணாம்புக் குகை உண்மையிலேயே நல்ல இடம், அலையாத்திக் காட்டுக்குள் படகில் போகிற அந்த அரை மணி நேரம் இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் படகை விட்டு இறங்கி ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும், குகைக்குள் வழுக்கும். முழங்கால் வலி உள்ள அம்மாவுக்கு ஆகாது. ஆக, மழைக்காகிதம் அக்கா குடும்பத்துக்குப் பாராடாங்கில் வேலையே இல்லை.

சும்மாதான்

இந்த 'பொளக்'கைப் பார்க்கவா நான் மூன்றரை மணிக்கு எழுந்தேன் என்று என் மச்சான் இன்னும் புலம்புகிறான்.

நாலாம்கியர்

நெய்தல் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சட்டப்படி அனுமதித்த பொதுச் சாலை அது. விதியை மதித்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, கடந்து போனால் யாருக்கு என்ன கெடுதல்? நான் போனபோது ரோட்டோரம் ஒருவரையும் பார்க்கவில்லை. தேடவும் இல்லை.

நெய்தல்நிலம்

ஒரு வண்டியால் கெடுதல் இல்லைதான். தினமும் நூற்றுக்கணக்கில் போகிறதே? அவர்கள் வேட்டைக்கும் மீனுக்கும் காட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக இந்த ரோட்டைத்தான் தாண்ட வேண்டும். நம் வீட்டு முற்றத்தின் நடுவே யாரோ வரிசையாக வண்டி ஓட்டிப்போனால், "நாங்கள் ஒன்றும் செய்யவில்லையே, கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தானே போனோம்" என்றால் ஒப்புக்கொள்வோமா? 1956லேயே பழங்குடிகள் பாதுகாப்பு ஒழுங்குமுறை வந்துவிட்டது, 2012ல் அதைத் திருத்தித் தண்டனையையும் கூட்டினார்கள். சட்டம் எதற்கு என்று புரிந்தால், சட்டம் விட்டுவைத்த சந்துக்குள் நுழைய மனம் வராது.

தாழம்பூ

எனக்கும் அந்தப் பயணத்தில் ஒரு சங்கடம் இருந்தது. கான்வாயில் எங்களுக்கு முன்னால் போன வேனில் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியிருந்தது. யாரையோ தேடுகிறார்கள். என் பெண், "அம்மா, புலியா?" என்று கேட்டாள். அந்தமானில் புலியே கிடையாது. அவர்கள் தேடியது எதை என்று அவளுக்குச் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

மழைக்காகிதம்

தாழம்பூ, இதைப் படித்துவிட்டு வீட்டில் பெரிய விவாதமே நடந்தது. கணவர் கட்சி: நாம் பார்க்காமல், படம் எடுக்காமல் போய்விடலாம். அத்தை ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்: "வேண்டாத வீட்டு வாசல் வழியா எதுக்குடி போகணும், வேற வழி இல்லையா?"

வேறு வழி இருக்கிறதா?

பிளேர்காரன்

அத்தையைக் கும்பிட்டேன் என்று சொல்லுங்கள். வழி இருக்கிறது, டூர்காரர்கள் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அவர்கள் வண்டி ஓடாது.

எப்படியும் ஹேவ்லாக் போகிறீர்கள். போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட் வழியாக ரங்கத் போகிற அரசுக் கப்பல் வாரத்தில் சில நாள் ஓடுகிறது. ஹேவ்லாக்கில் இருந்துவிட்டு, அங்கிருந்து அப்படியே ரங்கத் கப்பல் ஏறுங்கள். ஜெட்டி ஊருக்குள் இல்லை, சில கிலோமீட்டர் தள்ளி, ஆனால் ஆட்டோ, ஜீப் நிற்கும். ரங்கத்தில் டிரைவரோடு வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மாயாபந்தர், டிக்லிபூர் போய் ரங்கத் திரும்பி, மறுபடி கப்பல். டிரங்க் ரோட்டின் வடக்குப் பாதி முழுக்க உங்களுடையது. காப்பகத்துக்குள் ஒரு அடி வைக்க வேண்டாம். கான்வாய் இல்லை, நினைத்த இடத்தில் நிறுத்தலாம், பையன் வாந்தி எடுக்கலாம், அத்தை காபி குடிக்கலாம்.

இன்னொன்று, எனக்கு இந்த ரோட்டில் பிடித்ததே வடக்குப் பாதிதான். கதம்தலா வரைக்கும் மரம், மரம், மரம். ரங்கத் தாண்டினால்தான் திடீர் திடீரென்று இடது பக்கம் வயல், வலது பக்கம் கடல், நடுவில் பாக்குத் தோப்பு.

நாலாம்கியர்

இது தெரிந்திருந்தால் நான் முதல் பதிலிலேயே எழுதியிருப்பேன். நல்ல யோசனை. ரங்கத்திலிருந்து டிக்லிபூர் சுமார் 150 கிலோமீட்டர், மாயாபந்தர் ஏறக்குறைய நடுவில். நிறுத்தி நிறுத்திப் போனாலும் இருட்டுவதற்குள் சேர்ந்துவிடலாம்.

மழைக்காகிதம்

தம்பி, நீங்கள் வைரம். வடக்கே எங்கே எங்கே நிறுத்தலாம்? பிள்ளைகளுக்கும் அத்தைக்கும் ஏற்றதாக.

பிளேர்காரன்

ரங்கத் பக்கம் ஆம்குஞ்ச் கடற்கரை. ரோட்டை ஒட்டியே இருக்கிறது, வனத்துறை மரக்கட்டையில் இருக்கை போட்டு வைத்திருக்கிறது. அத்தை காலை நீட்டிக்கொண்டு உட்காரலாம். அதற்கு வடக்கே தனிநல்லா. இங்கே அலையாத்திக் காட்டுக்குள் அரை கிலோமீட்டருக்கு மேல் மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். சமதளம், படிக்கட்டு ஏறி இறங்க வேண்டாம், மெதுவாக நடந்தால் அத்தையாலும் முடியும். தண்ணீர் வடிந்த நேரம் போனால் வேர்களுக்கு நடுவே சிவப்புக் கொடுக்கு நண்டு ஒற்றைக் கையை ஆட்டிக்கொண்டு நிற்கும். என் அக்கா மகன் அதற்கு டாட்டா காட்டிக்கொண்டே வந்தான். பாதை முடிகிற இடத்தில் கடற்கரை.

மாயாபந்தரில் கர்மாடாங் கடற்கரை. அவசரம் என்றால் மாவட்ட ஆஸ்பத்திரி இங்கேதான், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிக்லிபூரில் ராஸ், ஸ்மித் என்று இரண்டு தீவு, நடுவே வெள்ளை மணல் திட்டு. ஏரியல் பே ஜெட்டியிலிருந்து படகு. வற்று நேரத்தில்தான் திட்டு முழுதாகத் தெரியும், நடந்தே ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போகலாம். தண்ணீர் ஏறியிருக்கிற நேரத்தில் போய் "ஒன்றுமே இல்லையே" என்று திரும்புகிறவர்கள் உண்டு. முதல் நாளே படகுக்காரரிடம் நேரம் கேளுங்கள். போர்ட் பிளேயருக்கு எதிரே பழைய பிரிட்டிஷ் கட்டடங்கள் இருக்கிற ராஸ் தீவு வேறு, அதற்கு இப்போது நேதாஜி பெயர்.

சேடில் பீக் 732 மீட்டர், தீவுக்கூட்டத்திலேயே உயரமானது. ஏறுவது உங்கள் குழுவுக்கு வேண்டாம்.

தாழம்பூ

காலிபூரை விட்டுவிட்டீர்களே! ஜனவரி என்றால் ஆமை முட்டையிடும் பருவம். நான்கு வகைக் கடலாமைகள் அந்தக் கரைக்கு வரும், ஆளுயரத் தோல்முதுகு ஆமை உட்பட. ராத்திரி வனத்துறை ஆள் கூட இருந்தால் மட்டும் போங்கள். டார்ச் அடிக்கக் கூடாது, பிளாஷ் கூடாது, பேச்சும் கூடாது. ஆறு வயதுப் பையன் அந்த நேரம் விழித்திருப்பானா என்பது வேறு விஷயம். ஆமை வருமா என்பதும் ஆமையின் இஷ்டம். முட்டைகளை எடுத்து வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து வைத்திருப்பார்கள், அதைப் பகலிலேயே பார்க்கலாம்.

கிளிஞ்சல், பவளத்துண்டு எதையும் பிள்ளைகள் பையில் போட விடாதீர்கள். விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள், அழுகை தாங்காது.

சும்மாதான்

முதலை பற்றி யாரும் சொல்லவில்லையே?

பிளேர்காரன்

சொல்லத்தான் வந்தேன். உப்புநீர் முதலை இங்கே உண்மை, பூச்சாண்டி இல்லை. கழிமுகம், அலையாத்திக் கால்வாய் ஓரம் காலைக்கூட நனைக்க வேண்டாம். எச்சரிக்கைப் பலகை இருந்தால் குளிக்காதீர்கள். பலகை இல்லாவிட்டாலும் ஊர்க்காரர் யாரும் இறங்காத இடத்தில் இறங்காதீர்கள். முதலையைவிட உங்களை அதிகம் கடிக்கப்போவது மணல் ஈ. கை கால் மூடிய உடை, தேங்காய் எண்ணெய் பூசிக்கொள்வது, இரண்டும் உதவும்.

மழைக்காகிதம்

போன் எடுக்குமா? கணவருக்கு ஆபீஸ் பயம்.

நாலாம்கியர்

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்த பிறகு நிலைமை எவ்வளவோ மேல். ரங்கத்துக்கும் அந்தக் கேபிள் வருகிறது. ஊர்களில் எடுக்கும், ஊருக்கும் ஊருக்கும் நடுவே எடுக்காது. அவரிடம் "எடுக்காது" என்று மட்டும் சொல்லுங்கள்.

நெய்தல்நிலம்

அத்தைக்கு என் வணக்கம். ஒரு சந்தேகம்: கப்பல் ரத்தானால் இவர்கள் என்ன செய்வார்கள்? அப்போது வேறு வழியில்லாமல் அந்த ரோட்டிலேயேதானே திரும்ப வேண்டும்?

பிளேர்காரன்

ஆமாம் சார், அதை மறைக்க முடியாது. ஜனவரியில் கடல் பெரும்பாலும் அமைதி, ஆனாலும் கப்பல் பழுது, கால அட்டவணை மாற்றம் எல்லாம் நடக்கும். டிக்கெட்டையும் சில நாள் முன்புதான் திறப்பார்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். போர்ட் பிளேயரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டி கவுண்டரில் உங்கள் டிரைவரையோ விடுதிக்காரரையோ வரிசையில் நிற்கச் சொல்லுங்கள், எல்லாருடைய அடையாள அட்டை நகலும் வேண்டும்.

அக்கா, ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாள் கப்பலை நம்பித் திட்டம் போடாதீர்கள். ரங்கத்திலிருந்து போர்ட் பிளேயர் வந்த பிறகு குறைந்தது இரண்டு நாள் கையில் இருக்கட்டும். செல்லுலார் ஜெயில், நேதாஜி தீவு எல்லாவற்றையும் அந்த நாட்களுக்குத் தள்ளிவையுங்கள். முன்னாடியே பார்த்து முடித்துவிட்டால், கடைசியில் காத்திருக்கிற நாளில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஹோட்டல் அறையில் என்ன செய்வீர்கள்?

மழைக்காகிதம்

சரி, ஹேவ்லாக் முதலில், ரங்கத் அடுத்து, ஜெயில் கடைசி. தம்பி, ரங்கத்தில் கார் வைத்திருக்கிற நம்பிக்கையான ஆள் உங்களுக்குத் தெரிந்திருந்தால் தனிச்செய்தியில் அனுப்புங்கள். ஏழு பேர் உட்காருகிற வண்டி, முன் இருக்கை அத்தைக்கு.